சிவப்புப் பென்சிலில் நான்கு நிமிடம்

அக்காவின் கதவுக்கு மூன்று பூட்டுகள். மூன்றையும் உள்ளிருந்து திறக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்குள் "யாரு?" என்று இரண்டு முறை கேட்பார். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால்தான் கடைசிப் பூட்டு திறக்கும். ஒருமுறை நான் முதலில் "நான்தான்கா" என்றும் அடுத்து "டைரக்டர்" என்றும் சொல்லித் தொலைத்தேன். "ரெண்டு பேரா வந்திருக்கீங்க?" என்று உள்ளே குரல் நடுங்கியது. அன்று திறக்கவே இல்லை. நான் கீழே போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, மறுபடி ஏறி, ஒழுங்காக ஒரே பெயரை இரண்டு முறை சொன்னேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் இரண்டாம் மாடியில் அந்த ஒற்றை அறை. இப்போது அங்கே யாரோ கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். அதற்குக் கீழே, முதல் மாடியில், கண் தெரியாதவர்கள் நடத்தும் மசாஜ் நிலையம். நாளெல்லாம் படியில் கோல் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோலும் அவருக்குத் தெரியும். "இது பெரியவரு. இன்னிக்கு முட்டி வலி போல, ஒவ்வொரு படிக்கும் நின்னு ஏறுறாரு" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார். தெரியாத காலடி படியேறினால் அவர் விரல் அப்படியே நின்றுவிடும். அந்தக் காலடி எங்கேயாவது போய்ச் சேரும்வரை நமக்கும் பேச்சு வராது. பயம் ஒட்டிக்கொள்ளும் என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் சப்டைட்டில் எழுதுவது அவர் தொழில். தமிழ், மலாய், ஆங்கிலம், எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் எழுதுவார். இந்த ஊரில் தமிழ்ப் படம் எடுக்கும் நாங்கள் எல்லோரும் சேர்ந்தால் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவோம். அத்தனை பேரும் அவரிடம்தான் போவோம். எல்லோருக்கும் அவர் அக்கா. படத்தின் முடிவில் பெயர் போட மட்டும் விடமாட்டார். "பேரு போட்டா, நாளைக்கு ஏதாச்சும் தப்புன்னா வந்து நிப்பாங்க தம்பி" என்பார். அதனால் இங்கேயும் நான் போடவில்லை.

சாலையைக் கடக்கும்போது பச்சை விளக்கு எரிந்தவுடன் இறங்கமாட்டார். அது எப்போது எரிய ஆரம்பித்தது என்று நமக்குத் தெரியாதே என்பார். அணைந்து மறுபடி எரியட்டும் என்று நிற்பார். அடுப்பை அணைத்துவிட்டு, அணைந்த அடுப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார், வெளியே போனபின் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு. அவர் இல்லாத இடத்தில் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும்தான் சிரித்தேன்.

ஆனால் வேலையில் அவரை அசைக்க முடியாது. சப்டைட்டில் என்றாலே சொற்களை விடுவதுதான். திரையில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது, ஆளும் படிக்கமாட்டான். எல்லோரும் வெட்டுவார்கள், அவர் வெட்டமாட்டார். ஒரு பாத்திரம் 'அப்படின்னு நினைக்கிறேன்' என்று சொன்னால் அந்த 'நினைக்கிறேன்' கீழே வந்தாக வேண்டும். இதற்காக அவரோடு சண்டை போடாத இயக்குநர் கிடையாது.

காரணத்தை ஒருநாள் அவரே சொன்னார். அவர் முன்பு ஏதோ ஒரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எந்த ஊர் என்று சொன்னதில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிய ஒரு வழக்கில், கூண்டில் நின்ற சாட்சி, "அவனத்தான் பாத்தேன்னு நினைக்கிறேன்" என்றான். இவர் மலாயில் "அவனைத்தான் பார்த்தேன்" என்று முடித்துவிட்டார். பசி, அவசரம், மேலே நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவன் உள்ளே போனான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து இவர் வேலையை விட்டுவிட்டார்.

"யாருக்குமே தெரியாது தம்பி" என்றார் அக்கா. "அதுதான் பயம். தெரிஞ்சிருந்தா திட்டியிருப்பாங்க, அதோட முடிஞ்சிருக்கும்."

அவர் மேசையில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. அதில் பென்சில்கள் போட்டு வைத்திருப்பார், எழுத்துப் பொறித்த பக்கம் சுவரைப் பார்த்திருக்கும். பள்ளியில் மலாய்க் கட்டுரைப் போட்டியில் வாங்கிய முதல் பரிசு. வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கும்போது, இந்தத் தடவை ஒரு இந்தியப் பிள்ளைக்குக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று, பார்க்க அழகாக இருக்கும் என்று பின்னால் ஒரு ஆசிரியர் இன்னொருவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அந்தக் காதில் எதுதான் விழாது. நல்லா எழுதுனதுக்குக் கொடுத்தாங்களா, அழகுக்குக் கொடுத்தாங்களா என்று இன்றுவரை தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அந்தக் கோப்பைக் கதை மட்டும் இல்லாவிட்டால் விருதுக்கான கையெழுத்துக்கு என் படத்தை அவரிடம் கொண்டுபோயிருக்க மாட்டேன்.

பண்டமாரானில் கன்டெய்னர் லோரி ஓட்டும் மூன்று பேரைப் பற்றிய படம் அது. மூவரில் ஒருவனுக்குக் கேரித் தீவில் தாய். நான்கு மாதமாக வீட்டுக்கு வராத மகனோடு அந்தத் தாய் தொலைபேசியில் மூன்று நிமிடம் பேசுவாள். அதில் நடித்தவர் நடிகையே அல்ல. அங்கே செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். நான் எழுதிக்கொடுத்த வசனத்தை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, தன் சொந்த மகனிடம் பேசுவதுபோல அவராகவே பேசினார். கோழி இரண்டு செத்துப்போனதைச் சொன்னார், முருங்கை காய்த்திருப்பதைச் சொன்னார், நீ வரவேண்டாம், ஆனால் வருவேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இரு என்றார். கேமராவுக்குப் பின்னால் நான் அழுதேன். என் படத்துக்கு உயிர் என்று ஒன்று இருந்தால் அது அந்த மூன்று நிமிடம்.

அந்த ஆண்டு விருதுக்கு அனுப்ப நினைத்தோம். அந்த விருதில் சிறந்த படம் என்ற பெரிய பரிசு ஒன்று, மற்ற மொழிப் படம் என்று ஓரமாக இன்னொன்று. பெரியதில் சேர வேண்டுமானால் படத்தில் பேசும் நேரத்தில் பாதிக்கு மேல் தேசிய மொழியான மலாயில் இருக்க வேண்டும். அதைத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அளந்து கையெழுத்துப் போட வேண்டும். நம்மவர்கள் என்னை விடவில்லை. ஓரத்துப் பரிசு நிச்சயம் உனக்குத்தான், நமக்கென்று ஒதுக்கியதை ஏன் விடுகிறாய், நம்ம ஆள் ஒருவனாவது மேடை ஏறட்டுமே என்றார்கள்.  நல்ல படம் என்று கொடுத்தார்களா, நம் பங்கு என்று கொடுத்தார்களா என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். கோப்பையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

அவர் அளப்பதைப் பார்க்க வேண்டும். இடது கையில் ஸ்டாப்வாட்ச். மலாய்க்கு நீலப் பென்சில், தமிழுக்குச் சிவப்பு. யாரும் பேசாத நேரம் கணக்கில் வராது. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வந்தால் நிறுத்தி, திருப்பி, சொல் சொல்லாக வெட்டுவார். 'பாசார்ல மூட்டைய எறக்கிட்டு, லோரிய கம்பத்து ஓரமா விட்டுட்டு வரேன் லா' என்று என் கதாநாயகன் சொல்வான். சந்தைக்குப் பாசார், லாரிக்கு லோரி, கிராமத்துக்குக் கம்பம், மூன்றும் மலாய்ச் சொல்தானே, நீலத்தில் போடுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்றார்.

"எங்கம்மா சாவுற வரைக்கும் பாசார்னுதான் சொன்னாங்க. அது தமிழ்னு நெனச்சுத்தான் சொன்னாங்க. அத நான் எப்படி நீலத்துல போடுறது?"

நான்கு நாள் அளந்தார். ஐந்தாம் நாள் நான் போனபோது மூன்று பூட்டும் வழக்கத்தைவிட மெதுவாகத் திறந்தன.  பாதியைத் தொட மலாய் ஒன்றரை நிமிடம் பத்தவில்லை என்றார். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டாராம். தாள்களை என்னிடம் நீட்டினார். நான் கடைசித் தாளில் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன். மற்ற தாள்களைப் புரட்டவே இல்லை. ஒரே ஒரு முறை புரட்டியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

விண்ணப்பம் போக மூன்று நாள்தான் இருந்தது. படத்துக்குப் பணம் போட்டவர் செலாயாங் சந்தையில் மொத்தக் காய்கறி வியாபாரி, நல்ல மனிதர், ஓரத்துப் பரிசுக்கே போடலாம் தம்பி, அதனால் என்ன என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. படத்தில் ஒரே ஒரு குரலை மாற்றி முடிக்கக்கூடிய நீளமான தமிழ் இடம் தாயின் மூன்று நிமிடம்தான். அதை நான் மலாயில் எழுதினேன். வானொலியில் பேசிப் பழகிய ஒரு பெண்ணை வைத்து ஒரே மதியத்தில் குரல் கொடுக்க வைத்தேன். கோழியும் முருங்கையும் சுத்தமான உச்சரிப்பில் வந்தன. உதடு ஓரளவு பொருந்தியது. பொருந்தாத இடத்தில் தாயை விட்டுவிட்டு ஜன்னலைக் காட்டினேன்.

புதிய பிரதியை அக்கா மறுபடி அளந்தார். தாய் வாய் திறந்த இடத்தில் அவர் கையிலிருந்த சிவப்புப் பென்சில் தாளில் பட்டுவிட்டது. அழித்துவிட்டு நீலத்தை எடுத்தார்.  கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்த அம்மாகிட்ட கேட்டுட்டீங்களா தம்பி?"

"கேட்டேன்கா. சரின்னுட்டாங்க."

"கேட்டுட்டீங்கல்ல?"

எல்லாவற்றையும் போல இதையும் இரண்டு முறை கேட்டார். நானும் இரண்டு முறை ஒரே பதிலைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரிசு கிடைக்குமா என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேரித் தீவிலிருந்து யாராவது போன் செய்தால் எடுக்கமாட்டேன். நடுவர்களுக்கான காட்சிக்குப் பொதுமக்களும் வரலாம் என்று அறிவித்தார்கள். அந்த அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேரோடு வேன் பிடித்து வந்துவிட்டார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். திரையில் அவர் முகம் வந்ததும் அந்தப் பெண்கள் இருந்த வரிசை கைதட்டியது. பிறகு அந்த முகம் வேறு ஒருத்தியின் குரலில் பேச ஆரம்பித்ததும் கைதட்டல் நின்றது. அந்த அம்மா எழுந்து போகவில்லை. தன் தொண்டையை மட்டும் கையால் தொட்டுப் பார்த்தார். விளக்கு எரிவதற்குள் நான் வெளியே ஓடிவிட்டேன்.

பரிசு கிடைக்கவில்லை. நம்மவர்கள், பரிசுக்காகப் பெற்ற தாயின் நாக்கையே மாற்றியவன் என்று முகநூலில் எழுதினார்கள். மலாய்க்காரர்கள் சிலர், பின்வாசல் வழியாக நுழையப் பார்த்தவன் என்றார்கள். இரண்டையும் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது நடுவர் குழுவிடமிருந்து வந்த குறிப்பு. லோரி ஓட்டுநர்கள் வரும் காட்சிகள் மிக உயிரோட்டமானவை, தாய் பேசும் காட்சி மட்டும் நம்பும்படியாக இல்லை, அந்தக் குரல் அவளுடையதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் எதைக் கேட்டேனோ அதைத்தான் கொடுத்திருந்தார்கள். யார் என்று பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்திருந்தார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மதியம், கிள்ளானில் என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அக்கா. அந்த அறையை விட்டு அவர் இவ்வளவு தூரம் வருவார் என்று நான் நினைத்ததில்லை. தனியாக ரயிலேறி வந்திருக்கிறார். முகமெல்லாம் வியர்வை, கையில் அந்தப் பழைய தாள்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

ஒரு தொலைக்காட்சி நிலையம் என் படத்தை வாங்கியிருந்தது. அதற்கு மலாய் சப்டைட்டில் எழுதும் வேலை அவரிடம் போயிருந்தது. தமிழ் பேசும் இடங்களுக்கு மட்டும் எழுதினால் போதும் என்பதால், தன் பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிவப்பு வரிகளை மட்டும் எடுத்து எழுதிக்கொண்டே போயிருக்கிறார். லோரிக்காரர்கள் மூவரும் சாலையோரம் சாப்பிட்டுக்கொண்டு பேசும் நான்கு நிமிடக் காட்சியில் வந்து நின்றிருக்கிறார். அவர் மலாயில் என்ன எழுதுகிறாரோ அதே சொற்களைத்தான் அவர்கள் திரையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூவரில் ஒருவர் மலாய்க்காரர், தமிழும் பேசுவார். மற்ற இருவரும் தமிழர்கள். மூவருமே உண்மையில் லோரி ஓட்டியவர்கள். நான் எழுதிக்கொடுத்தது தமிழ் வசனம். அவர்கள் தினமும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதுபோல மலாயில் பேசிவிட்டார்கள், நடுநடுவே மச்சா, டேய் எல்லாம் போட்டு. எடுத்த எனக்கும் தெரியவில்லை, வெட்டி ஒட்டிய எனக்கும் தெரியவில்லை.

"எங்கப்பா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல கூட்டாளிங்களோட அப்படித்தான் பேசுவாரு தம்பி. வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். அது எனக்கு வீட்டுப் பேச்சு. மலாய்னே தோணல. அப்படியே சிவப்புல போட்டுட்டேன்."

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நான்கு நிமிடத்தை நீலத்தில் சேர்த்தால் என் படம் முதலிலேயே பாதியைத் தாண்டியிருந்தது. ஒரு சொல்லையும் மாற்றாமல், அந்தத் தாய் தன் குரலில் பேசியபடியே, அது பெரிய பரிசுக்கு நேராகப் போயிருக்கலாம். 

அக்கா விருதுக் குழுவுக்குக் கடிதம் எழுதப்போவதாகச் சொன்னார். தப்பு தன்னுடையது என்று, தன் முழுப் பெயரைப் போட்டு.  வந்து நிற்பார்கள்தான், ஆனாலும் எழுதத்தான் போகிறேன் என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் மேல் உள்ள இரக்கத்தால் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு இருந்தது பயம். கடிதம் போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அது கேரித் தீவு வரை போகும்.

கடைசியில் சரி என்றார். ஆனால் தாள்களை மடித்துக்கொண்டே இன்னொன்று சொன்னார்.

"அந்த அம்மாகிட்டயாவது நான் நேரா போய்ச் சொல்லிடுறேன். என் தப்பாலதானே அவங்க குரலு போச்சு. நீங்கதான் முன்னாடியே கேட்டுட்டீங்களே, அதனால ரொம்பக் கோவிக்க மாட்டாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். நான் கேட்கவே இல்லை அக்கா என்று நான்கு சொல். அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார், தன் தப்பைச் சொல்வதற்காக வாழ்க்கையில் முதல் முறையாகத் தனியாக ரயிலேறி வந்தவர். என் வாய் திறக்கவில்லை. கேரித் தீவுக்குப் பஸ் எங்கே ஏற வேண்டும் என்று கேட்டார். அதைச் சொன்னேன். வாசலில் இறங்கி, சாலையோரம் நின்று, ஒரு வண்டியும் வராத சாலையை மூன்று முறை பார்த்துவிட்டுக் கடந்து போனார்.

அன்றும் மறுநாளும் போன் வரவில்லை. நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மதியம் அழைத்தார். குரல் அமைதியாக இருந்தது. அந்த அம்மா உட்காரவைத்து முருங்கைக்காய் போட்டுச் சோறு போட்டாராம். பேசிக்கொண்டிருக்கும்போது, தன்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டாராம்.  

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அவங்களும் சொல்ல மாட்டாங்களாம், அந்தப் பிள்ளைக்கு அசிங்கமாப் போயிடும்னாங்க. யாருக்கும் தெரியாது தம்பி. பயப்படாதீங்க."

போனை வைத்துவிட்டார். அதன் பிறகு நாங்கள் பேசியதில்லை. பயப்படாதீங்க என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதே கிடையாது, என்னிடம் மட்டும்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.